ஹார்டு டிஸ்க் தெரியவில்லையா? பதறாதீர்கள்!

கம்ப்யூட்டர் இன்று நமக்குப் புதிய பொருள் அல்ல. வருமானச் சான்று வாங்கப் போகிறோம். அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது. வங்கிக்குப் போகிறோம். அங்கேயும் இருக்கிறது. பல ஊர்களில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு அலுவலகத்திலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது.

கேரள மாநிலத்தில் மலப்புறம் மாவட்டம் உள்ளது. அங்கே 2002ஆம் ஆண்டு அக்ஷயா என்ற திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவருக்காவது கம்ப்யூட்டர் பழக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நாடு முழுவதும் பொதுச் சேவை மையங்கள் அமைக்க 2006ஆம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இப்படித்தான் கம்ப்யூட்டர் கிராமத்துக்கு வந்தது.

கம்ப்யூட்டர் வந்தால் அதற்கு வரும் நோயும் கூடவே வரும். அதில் ஒரு நோயைப் பற்றி இங்கே பார்ப்போம். கம்ப்யூட்டரை இயக்குகிறோம். திரை கருப்பாக நிற்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வருகிறது. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது.

அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது? குழுவின் ஐந்து வருடக் கணக்கு இருக்கலாம். யார் எவ்வளவு கடன் வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்ற விவரம் இருக்கலாம். உறுப்பினர்களின் ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் இருக்கலாம். இவையெல்லாம் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

பதறாதீர்கள். டிஸ்க் தெரியவில்லை என்பதற்காக டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பல நேரங்களில் காரணம் மிகச் சிறியதாக இருக்கும்.

ஹார்டு டிஸ்க் என்றால் என்ன?

மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய பெட்டி இருக்கும். அதை நாம் சி.பி.யு. என்று சொல்கிறோம். அந்தப் பெட்டிக்குள் ஒரு சிறிய உலோகப் பெட்டி இருக்கும். அதுதான் ஹார்டு டிஸ்க்.

கம்ப்யூட்டருக்கு இரண்டு வகை நினைவு உண்டு. ஒன்று சிலேட்டு போன்றது. அதன் பெயர் ராம். வேலை நடக்கும்போது அதில் எழுதும். மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடும். இன்னொன்று நோட்டுப் புத்தகம் போன்றது. மின்சாரம் போனாலும் எழுதியது அப்படியே இருக்கும். அதுதான் ஹார்டு டிஸ்க்.

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். என்ற அமெரிக்க நிறுவனம் 1956ஆம் ஆண்டு வெளியிட்டது. அதற்குள் 50 பெரிய தட்டுகள் இருந்தன. அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் 50 லட்சம் எழுத்துகளை மட்டுமே எழுத முடிந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் டிஸ்க் வந்துவிட்டது. ஒரு டெராபைட் டிஸ்க் என்று கடையில் கேட்டிருப்பீர்கள். அதில் 1 லட்சம் கோடி எழுத்துகளுக்கு இடம் இருக்கிறது.

டிஸ்க்குக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் உள்ளன. அவை வேகமாகச் சுழலும். மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் பலவும் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும். அப்படியானால் ஒரு நொடிக்கு 120 சுற்று! தட்டின் மேல் ஒரு சின்ன முள் தட்டைத் தொடாமல் நகரும். முள்ளுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகமிகச் சிறியது. நம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால்தான் டிஸ்க் கீழே விழக்கூடாது. ஓடும்போது ஆடக்கூடாது. உள்ளே தூசி போகவே கூடாது.

இப்போது வேறு ஒரு வகையும் வந்திருக்கிறது. அதன் பெயர் எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் தட்டு இல்லை. சத்தமும் வராது. வேகம் அதிகம்.

கம்ப்யூட்டர் டிஸ்க்கை எப்படித் தேடுகிறது?

பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறிய நிரல் கண்விழிக்கிறது. அதைப் பயாஸ் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடுவார் அல்லவா? அதுபோலப் பயாஸ் ஒவ்வொரு பாகமாக ஆஜர் எடுக்கும். விசைப்பலகை இருக்கிறதா? ராம் இருக்கிறதா? டிஸ்க் இருக்கிறதா? டிஸ்க் பதில் சொன்னால் வேலை தொடங்கும். பதில் சொல்லாவிட்டால் திரையில் அந்த ஆங்கில வரி வரும்.

டிஸ்க் ஏன் பதில் சொல்லவில்லை? மூன்று விதமான காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று: டிஸ்க் நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டர் வேறு இடத்தில் தேடுகிறது.

இரண்டு: டிஸ்க் நன்றாக இருக்கிறது. நடுவே உள்ள ஒயர் சரியில்லை.

மூன்று: டிஸ்க்கே கெட்டுவிட்டது.

முதல் இரண்டும் எளிதில் சரியாகும். ஆகவே முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். மூன்றாவதைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் வேலை: எழுதிக்கொள்ளுங்கள்

திரையில் வந்த வரியை அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அர்த்தம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. செல்பேசியில் படம் எடுத்தாலும் போதும். 'நோ பூட் டிவைஸ்' என்று வரலாம். 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' என்று வரலாம். மெக்கானிக் வரும்போது அதைக் காட்டலாம்.

முன்தினம் என்ன நடந்தது என்றும் யோசியுங்கள். திடீரென்று மின்சாரம் போனதா? பெட்டியை இடம் மாற்றினீர்களா? யாராவது உள்ளே திறந்து துடைத்தார்களா? இதையும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது வேலை: பென் டிரைவைக் கழற்றுங்கள்

கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகியபடி இருக்கிறதா? சி.டி. உள்ளே இருக்கிறதா? அவற்றை வெளியே எடுங்கள். கம்ப்யூட்டரை நிறுத்தி மீண்டும் போடுங்கள். சில கம்ப்யூட்டர்கள் முதலில் பென் டிரைவில்தான் தேடும். அதில் ஒன்றும் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். பென் டிரைவை எடுத்தவுடன் பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

மூன்றாவது வேலை: பயாஸைக் கேளுங்கள்

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஒரு குறிப்பிட்ட விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். பல கம்ப்யூட்டர்களில் அது டெலீட் விசை. சிலவற்றில் எஃப் 2. சிலவற்றில் எஃப் 10. எது என்று முதல் திரையின் கீழே பெரும்பாலும் எழுதியிருக்கும்.

பயாஸில் எதையும் மாற்ற வேண்டாம். பார்த்தால் போதும். டிஸ்க்கின் பெயரும் அளவும் அங்கே இருக்கிறதா?

பெயர் இருந்தால் நல்ல செய்தி. டிஸ்க் ஆஜர் சொல்கிறது. தேடும் வரிசை மாறியிருக்கலாம். அந்த வரிசையைப் பூட் ஆர்டர் என்பார்கள். டிஸ்க்கை வரிசையில் முதலில் வைத்தால் போதும். அப்படியும் ஓடவில்லை என்றால் டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் கெட்டிருக்கலாம். அப்போதும் நம் கணக்குகள் பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு.

பெயர் இல்லை என்றால் ஒயரைப் பார்க்க வேண்டும்.

பெயர் ஒருநாள் வருகிறது, ஒருநாள் வரவில்லை. அப்படியானால் ஒயர் தளர்ந்திருக்கலாம். அல்லது டிஸ்க் கெடத் தொடங்கியிருக்கலாம். பெயர் தெரிகிற நாளிலேயே கணக்குகளை வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கம்ப்யூட்டரில் தேதி சரியாக இருக்கிறதா? பல வருடம் பழைய தேதியைக் காட்டினால் உள்ளே உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது நாணயம் போல வட்டமாக இருக்கும். 3 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்தால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடும். டிஸ்க்கை எப்படிப் படிப்பது என்பதையும் மறந்துவிடலாம். பேட்டரியின் விலை குறைவுதான். அதற்காகப் புது டிஸ்க் வாங்கிவிடக்கூடாது.

நான்காவது வேலை: ஒயரைப் பாருங்கள்

இது மேசைக் கம்ப்யூட்டருக்கு மட்டும். மடிக்கணினியை நாமே திறக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்கு உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றாலும் திறக்க வேண்டாம்.

முதலில் கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். சுவரில் உள்ள பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக் வெளியே இருக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வெளியேறும். ஈரக் கையோடு தொடாதீர்கள். பெட்டியின் பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். நம் உடலில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

இப்போது பக்கவாட்டு மூடியைத் திறக்கலாம். டிஸ்க்கில் இரண்டு ஒயர்கள் செருகியிருக்கும். அகலமானது மின்சாரம் கொண்டு வரும். ஒடுக்கமானது செய்தி கொண்டு வரும். இதைச் சாட்டா கேபிள் என்று சொல்வார்கள். அதன் மறுமுனை மதர்போர்டு என்ற பெரிய பலகையில் செருகியிருக்கும்.

ஒவ்வொரு முனையையும் மெதுவாகக் கழற்றுங்கள். மீண்டும் நேராகச் செருகுங்கள். ஒரே பக்கமாகத்தான் உள்ளே போகும். போகவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள். பலம் போட்டு அழுத்தாதீர்கள்.

ஒயரை எலி கடித்திருக்கிறதா? கூர்மையாக மடங்கியிருக்கிறதா? முனையில் தூசியோ பச்சைப் பூஞ்சையோ இருக்கிறதா? கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் முனை அரிக்கும். மழைக்காலத்தில் ஈரமும் சேரும். எறும்பு கூடு கட்டுவதும் உண்டு. சாட்டா கேபிள் அதிக விலை இல்லாத பொருள். வேறு கேபிள் போட்டுப் பார்ப்பது நல்லது. மதர்போர்டில் வேறு துளை இருந்தால் அதிலும் செருகிப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியின் உள்ளே மின்விசிறியோடு ஒரு தனிப் பெட்டி இருக்கும். அதன் பெயர் எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அதுதான் குறைத்துத் தருகிறது. அதை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

ஐந்தாவது வேலை: காதைத் தீட்டுங்கள்

மூடியைப் போட்டு கம்ப்யூட்டரை இயக்குங்கள். பழைய வகை டிஸ்க் என்றால் சத்தத்தைக் கேளுங்கள்.

மெல்லிய ரீங்காரம் கேட்டால் தட்டு சுழல்கிறது.

சத்தமே இல்லை என்றால் டிஸ்க்குக்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பலவீனமாக இருக்கலாம். டிஸ்க்கின் பலகை எரிந்திருக்கலாம்.

'டிக், டிக்' என்று விடாமல் அடித்தால் ஆபத்து. முள்ளால் தட்டைச் சரியாகப் படிக்க முடியவில்லை. உடனே கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தட்டில் கீறல் விழலாம். கீறல் விழுந்த இடத்தில் இருந்த கணக்கு திரும்ப வராது.

டிஸ்க்கைத் தட்டினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்றும் சொல்வார்கள். கேட்காதீர்கள். டிஸ்க்கைத் திறந்து துடைக்கவும் கூடாது. ஒரு தூசி போதும், தட்டைக் கெடுத்துவிடும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

இவ்வளவும் செய்து பார்த்தோம். டிஸ்க் தெரியவில்லை. இனி மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். குழுச் செயலாளர் ஒருவர் எப்படிப் பேசலாம் என்று பாருங்கள்.

"டிஸ்க் போச்சு அக்கா. புதுசு போட்டுத் தர்றேன்."

"இருங்க தம்பி. இதை வேற கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தீங்களா?"

"இன்னும் பாக்கல."

"பாருங்க. அதுல தெரிஞ்சா டிஸ்க் நல்லாத்தானே இருக்கு? எங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு."

"சரிதான். ஆனா ஃபார்மட் பண்ணச் சொல்லிக் கேட்டா பண்ணிடலாமா?"

"வேண்டாம் தம்பி. எங்க கணக்கு அதுக்குள்ள இருக்கு. முதல்ல நகல் எடுங்க. என்னைக் கேக்காம எதையும் அழிக்காதீங்க."

இந்த அக்கா சரியாகப் பேசினார். டிஸ்க்கை வேறு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பதே சிறந்த சோதனை. அங்கே தெரிந்தால் கணக்குகளை உடனே நகல் எடுக்கலாம். ஆனால் 'டிக், டிக்' என்று அடிக்கும் டிஸ்க்கை இப்படிச் சோதிக்க வேண்டாம்.

ஃபார்மட் என்றால் என்ன? சிலேட்டைத் துடைப்பது போல. புதிய வெறும் டிஸ்க்குக்கு அது தேவை. கணக்கு உள்ள பழைய டிஸ்க்குக்குச் செய்தால் ஆபத்து. 'ஃபார்மட் செய்யவா?' என்று திரை கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

புதிய கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் டிஸ்க்குக்குப் பூட்டும் இருக்கும். அதன் பெயர் பிட்லாக்கர். அதைத் திறக்க 48 இலக்க எண் வேண்டும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள்.

புதிய மடிக்கணினி சிலவற்றில் விண்டோஸ் ஏற்றும்போது டிஸ்க் தெரியாது. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். டிரைவர் என்ற சிறு நிரல் ஒன்றைச் சேர்த்தால் தெரியும். இதையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

டிஸ்க்கைக் கடையில் விடுவதற்கு முன் மூன்று விஷயம் செய்யுங்கள்.

ரசீது வாங்குங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

எவ்வளவு செலவாகும் என்று முதலிலேயே கேளுங்கள். அழிந்த கணக்கை மீட்டுத் தரும் சிறப்பு நிலையங்கள் பெரிய நகரங்களில் உள்ளன. செலவு அதிகமாகலாம். எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று உறுதியும் இல்லை.

பழைய டிஸ்க்கைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அது கெட்டுப்போயிருந்தாலும் வாங்குங்கள். அதற்குள் நம் ஆதார் நகல் இருக்கிறது. வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. கடையில் விட்டால் யார் கையில் போகும் என்று தெரியாது.

பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

வருமுன் காப்போம்

எந்த டிஸ்க்கும் ஒருநாள் கெடும். விலை உயர்ந்ததும் கெடும். ஆகவே கணக்கை ஒரே இடத்தில் வைக்கக்கூடாது. விதை நெல்லை ஒரே குதிரில் வைப்போமா?

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் ஒரு முறை சொல்வார்கள். அதை 3, 2, 1 என்று நினைவில் வைக்கலாம். கணக்குக்கு 3 பிரதி வேண்டும். 2 வகைப் பொருளில் வேண்டும். 1 பிரதி வேறு இடத்தில் வேண்டும்.

வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுங்கள். எடுத்தவுடன் கழற்றிப் பீரோவில் வையுங்கள். இன்னொரு நகலை வெளி டிஸ்க்கில் எடுத்துத் தலைவர் வீட்டில் வையுங்கள். மாதக் கடைசியில் கணக்கைத் தாளில் அச்செடுங்கள். கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளைப் படிக்க மின்சாரமும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம்.

கம்ப்யூட்டரை யு.பி.எஸ். வழியாகவே இயக்குங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். ஓடும்போது பெட்டியை நகர்த்தாதீர்கள். வேலை முடிந்ததும் முறையாக நிறுத்திவிட்டு சுவிட்சை அணையுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசையில் வையுங்கள்.

படித்தோம், பதில் சொல்வோம்

1. ராமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் என்ன வேறுபாடு?

2. டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்?

3. 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?

4. பழைய டிஸ்க்கைக் கடையில் விடக்கூடாது. ஏன்?

5. உங்கள் குழுவின் கணக்குக்கு இப்போது எத்தனை பிரதி இருக்கிறது? அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். ஒரு பிரதிதான் என்றால் அன்றைக்கே இன்னொன்று எடுங்கள்.